நிகழ்நிலை வகுப்பில் பழக்கப்பட்டவர்களிடம் எதைக் கேட்பது?

உங்கள் கேள்வியை நான் விளங்கிக்கொண்ட விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். கொழும்பில் ஒரு பாடசாலையில் 11 வருடங்களாக உயர்தர இரசாயனவியல் படிப்பிக்கிறீர்கள். வரும் ஜனவரியிலிருந்து, வவுனியாவிலும் மட்டக்களப்பிலும் உள்ள சில பிள்ளைகளையும் சேர்த்து 28 பேருக்கு வாரம் இரண்டு நிகழ்நிலை வகுப்புகள் எடுக்க ஒப்புக்கொண்டிருக்கிறீர்கள். இதில் கைதேர்ந்த ஆசிரியர்கள் சிலரைக் கண்டு கதைத்துப் படித்துக்கொள்வதா, பணம் கட்டி ஒரு சான்றிதழ்ப் பயிற்சியில் சேர்வதா என்று கேட்கிறீர்கள். மேலோட்டமாகப் பார்த்தால் இரண்டில் ஒன்றைத் தெரிவு செய்யும் விடயம்தான். ஆனால் "யாரைக் கேட்டாலும் பழகப் பழகச் சரியாகிவிடும் என்றுதான் சொல்கிறார்கள்" என்று கடைசியில் ஒரு வரி சேர்த்திருக்கிறீர்களே, உங்கள் உண்மையான கேள்வி அங்கேதான் இருக்கிறது. ஒருவருக்கு ஒரு வேலை நன்றாக வருகிறது. ஆனால் அது எப்படி வருகிறது என்று அவருக்கே சொல்லத் தெரியவில்லை. அவரிடமிருந்து அதை எப்படிப் படித்துக்கொள்வது? அதற்கே பதில் சொல்ல முயல்கிறேன்.

நான் கணக்கீட்டு ஆசிரியன். வெள்ளவத்தையில் தனியார் வகுப்புகளில் 20 வருடங்களுக்கு மேலாகக் கரும்பலகைக்கு முன் நின்றவன். 2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்ட பிறகு திரைக்கு முன் உட்காரப் பழகியவன். எல்லாம் திறந்த பின்பும் வகுப்புகளில் பாதியை என் விருப்பத்தோடு திரையிலேயே வைத்துக்கொண்டவன். இடையில் சில வருடங்கள் ஒரு தொலைக்கல்விக் கற்கைநெறியில், வேலைக்குப் போகும் வளர்ந்தவர்களுக்கும் படிப்பித்திருக்கிறேன். ஆகவே கீழே வருவதெல்லாம் 16 வயதுக்கு மேற்பட்டவர்களை வைத்துச் சொல்வது. சிறு பிள்ளைகளை நான் திரையில் படிப்பித்ததில்லை. ஆய்வுகூடம் உள்ள பாடமும் என்னுடையதல்ல. ஆனால் உங்களுக்கு அது முக்கியம் என்பதால் கடைசியில் அதைத் தொடுகிறேன்.

யாரிடம் போவது என்பதில்தான் முதல் தவறு நேர்கிறது. 2020 முதல் 2022 வரை ஏதோ ஒரு வகையில் திரையில் பாடம் நடத்தாத ஆசிரியரைக் கண்டுபிடிப்பது கடினம் என்பதால், "அனுபவம் உண்டு" என்ற சொல் நம்மிடையே மிகவும் மலிந்துவிட்டது. 2020 மார்ச் 27 அன்று, பெருந்தொற்றின் தொடக்கத்திலேயே, சார்ல்ஸ் ஹொட்ஜஸ் என்பவரும் அவருடைய சக ஆய்வாளர்களும் அமெரிக்காவில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். நெருக்கடியில் அவசரமாகத் தொலைவிலிருந்து கற்பிப்பதும், முன்கூட்டியே திட்டமிட்டு அமைக்கப்பட்ட நிகழ்நிலைக் கற்பித்தலும் ஒன்றல்ல, முதலாவதை வைத்து இரண்டாவதை எடைபோடக் கூடாது என்பது அதன் வாதம். நம் நாட்டில் அந்த வேறுபாடு இன்னும் கூர்மையானது. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்தபோது, இரவு ஒன்பதரைக்கு வெளிச்சம் வந்ததும் வகுப்பு வைத்தவர்களும், குறிப்புக் கொப்பியைப் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து வட்ஸ்அப்பில் போட்டவர்களும், குரல் பதிவிலேயே ஒரு அலகை முடித்தவர்களும் இருக்கிறார்கள். அந்த நேரத்துக்கு அவை உண்மையிலேயே கெட்டிக்காரத்தனமான வழிகள். அவர்களை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அந்த வழிகளையே இன்றும் தொடருகிறவரிடம் நீங்கள் கற்கப்போவது ஒரு நெருக்கடியைச் சமாளித்த விதத்தை மட்டும்தான். ஆகவே நான் முதலில் கேட்கும் கேள்வி எத்தனை வருட அனுபவம் என்பதல்ல. பாடசாலைகள் திறந்த பிறகு எதைக் கைவிட்டீர்கள், எதை வைத்துக்கொண்டீர்கள் என்று கேட்பேன். இதற்கு உடனே மூன்று நான்கு விடயங்களைச் சொல்லக்கூடியவர், செய்ததை யோசித்துப் பார்த்தவர். "எல்லாம் அப்படியேதான்" என்பவரிடம் ஒரு தேநீரோடு எழுந்து வந்துவிடலாம்.

இரண்டாவது எச்சரிக்கை, ஆயிரக்கணக்கானோர் சேரும் பெரிய தனியார் வகுப்புகளின் நட்சத்திர ஆசிரியர்களைப் பற்றியது. அவர்களிடம் கற்க நிறைய இருக்கிறது: ஒலியின் தெளிவு, நேரம் தவறாமை, ஒரு கடந்தகால வினாத்தாளைத் திறந்து அவிழ்க்கும் நேர்த்தி. ஆனால் தொலைக்கல்வி அறிஞரான மைக்கேல் மூர் 1989இல் கற்பவரின் ஊடாட்டத்தை மூன்றாகப் பிரித்தார்: பாட உள்ளடக்கத்தோடு ஒன்று, ஆசிரியரோடு ஒன்று, சக மாணவரோடு ஒன்று. மூவாயிரம் பேர் இருக்கும் வகுப்பில் முதலாவது மட்டுமே முழுமையாக நடக்க முடியும். மற்ற இரண்டும் உதவியாளர்களிடமும் வட்ஸ்அப் குழுக்களிடமும் விடப்பட்டிருக்கும். உங்களிடம் இருப்பது 28 பேர். ஆசிரியரோடான ஊடாட்டம்தான் உங்கள் கையிலுள்ள பெரிய முதல். அதை வைத்துக்கொண்டு, வானொலி அறிவிப்பாளரிடம் போய் வீட்டுக்கு வந்த விருந்தாளியோடு எப்படிக் கதைப்பது என்று கேட்கக் கூடாது அல்லவா?

பல்கலைக்கழக விரிவுரையாளர்களிடம் கேட்பதிலும் ஒரு சிறு கவனம் தேவை. 2020இல் அவர்களின் மாணவர்கள் பல்கலைக்கழகங்களை இணைக்கும் லேர்ன் வலையமைப்பின் ஊடாக வகுப்புகளில் சேர்ந்தபோது டேட்டாவுக்குக் கட்டணம் இல்லாத ஏற்பாடு செய்யப்பட்டிருந்தது. அந்தச் சூழலில் வேரூன்றிய "இரண்டு மணிநேரம் காணொளியோடு வையுங்கள், பிள்ளைகள் இருப்பார்கள்" என்ற பழக்கம், தகப்பனின் தொலைபேசிக்கு ரீலோட் போட்டு வகுப்புக்கு வரும் மட்டக்களப்புப் பிள்ளைக்குப் பொருந்தாது.

யாரும் அதிகம் தேடிப் போகாத ஒரு கூட்டம் இருக்கிறது; உங்கள் இடத்தில் நான் இருந்தால் அங்கேதான் தொடங்குவேன். நாவலையில் உள்ள இலங்கைத் திறந்த பல்கலைக்கழகம் 1980இல் நிறுவப்பட்டது. ஸூம் என்ற பெயரை எவரும் கேள்விப்படுவதற்குப் பல வருடங்களுக்கு முன்பே, அச்சிட்ட பாடத்தொகுதிகளையும் ஒப்படைகளையும் வைத்துக்கொண்டு தூரத்திலிருக்கும் மாணவனுக்குப் படிப்பித்த தலைமுறை ஒன்று இந்த நாட்டில் உண்டு. தொழில்நுட்பத்தில் அவர்கள் உங்களைவிடப் பின்தங்கியிருக்கலாம். ஆனால் எதிரில் இல்லாத மாணவனை மனத்தில் நிறுத்தி எழுதும் கலை அவர்களுக்குத் தெரியும். தொலைக்கல்வியிலேயே வாழ்நாளைக் கழித்து ஓய்வுபெற்ற ஓர் அம்மையார் தெஹிவளையில் இருந்தார். பெறுமானத் தேய்வு பற்றி நான் தயாரித்த முதல் நிகழ்நிலைப் பாடத்தை அவரிடம் கொடுத்தேன். திரும்பி வந்தபோது, ஆறு பக்கத்தில் பதினொரு இடங்களில் சிவப்பு மையால் ஒரே வசனம் எழுதியிருந்தார்: "இங்கே பிள்ளை நிற்கும்." விளக்கம் கேட்டபோது சொன்னார்: "வகுப்பில நீர் இதைச் சொல்லிப்போட்டுப் பிள்ளையின்ர முகத்தைப் பார்ப்பீர், பார்த்துப்போட்டுத் திருப்பிச் சொல்லுவீர். இங்க முகம் இல்லை. முகத்தில தேடுறதை முதலே எழுதி வையும்." பின்னர் நான் பார்த்த எந்தப் பயிற்சிநெறியும் அந்த இரண்டு நிமிடத்துக்கு ஈடாகவில்லை.

இனி எதைக் கேட்பது என்பதற்கு வருகிறேன். இங்கே ஓர் அடிப்படையான சிக்கல் இருக்கிறது. ஒரு வேலையில் ஒருவர் எவ்வளவு தேர்ச்சி பெறுகிறாரோ அவ்வளவுக்கு அந்த வேலையின் படிகள் அவர் கண்ணிலிருந்து மறைந்துவிடுகின்றன. புட்டுக்கு மாவு குழைக்க எவ்வளவு தண்ணீர் என்று அம்மாவைக் கேட்டால் "கைக்குத் தெரியும்" என்பாரே, அதேதான். ஆகவே "நல்ல நிகழ்நிலை வகுப்பு எடுப்பது எப்படி?" என்று பொதுவாகக் கேட்டால் பொதுவான பதில்தான் வரும், அதுவும் பெரும்பாலும் அவர் செய்வதோடு தொடர்பில்லாததாக இருக்கும்.

கொட்டாஞ்சேனையில் இணைந்த கணிதம் படிப்பிக்கும் நண்பர் ஒருவருடைய வகுப்பில் பிள்ளைகள் வாய் திறந்து பதில் சொல்வார்கள் என்று பலரும் சொல்லக் கேட்டு, 2020இல் அவரிடம் இரகசியம் என்னவென்று கேட்டேன். "என்ன ஐசே, அன்பாப் பழகினாச் சரி" என்றார். நானும் அன்பாகத்தான் பழகினேன். என் வகுப்பில் மயான அமைதி. பிறகு அவருடைய அனுமதியோடு மூன்று வகுப்புகளில் ஒலியையும் காணொளியையும் நிறுத்திவிட்டு ஒரு மூலையில் இருந்தேன். முதல் வகுப்பிலேயே தெரிந்தது. கேள்வியைக் கேட்டதும் அவர் கோப்பையை எடுத்துத் தேநீர் குடிக்கிறார். ஏழெட்டு வினாடி எதுவும் பேசுவதில்லை. அதன் பிறகு, "எல்லாரும் பதிலை எழுதுங்கோ, ஆனா நான் சொல்லும் வரைக்கும் அனுப்பாதேங்கோ" என்கிறார். "இப்ப அனுப்புங்கோ" என்றதும் இருபது பதில்கள் ஒரே நேரத்தில் கொட்டுகின்றன. ஆகையால் கெட்டிக்காரப் பிள்ளையின் பதிலைப் பார்த்து மற்றவர்கள் எழுத வழியில்லை. அதில் பிழையான இரண்டைப் பெயர் சொல்லாமல் வாசித்து, "இப்பிடி யோசிக்கிறதுக்கும் ஒரு நியாயம் இருக்கு" என்று தொடங்குகிறார். வகுப்பு முடிந்து இதையெல்லாம் சொன்னபோது அவர் சிரித்தார்: "நான் தேத்தண்ணி குடிக்கிறதையா படிக்க வந்தனீர்?" அவர் செய்தது அவருக்கே தெரிந்திருக்கவில்லை.

அந்தத் தேநீருக்குப் பின்னால் பழைய ஆய்வு ஒன்று இருக்கிறது என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. மேரி பட் ரோ என்ற அமெரிக்க அறிவியற் கல்வியாளர் 1970களில் வகுப்பறைப் பதிவுகளைக் கேட்டு, கேள்வி கேட்ட பின் ஆசிரியர்கள் சராசரியாக ஒரு வினாடி அளவே காத்திருக்கிறார்கள் என்று கண்டார். அதை மூன்று வினாடிக்கு மேல் நீட்டியபோது பதில்கள் நீண்டன, பதில் சொல்வோர் பெருகினர். அது நேரடி வகுப்பறையின் அளவு. திரையில் ஒலி வந்து சேரும் தாமதமும், ஒலிவாங்கியைத் திறக்கும் தயக்கமும் சேர்வதால், என் கணிப்பில் எட்டு முதல் பத்து வினாடியாவது தேவை. இந்த எட்டும் பத்தும் ஆய்வு முடிவல்ல, என் அனுபவக் கணக்கு என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஆகவே போகும் இடத்தில் அறிவுரை கேட்காமல், நடந்த ஒரு குறிப்பிட்ட விடயத்தைக் கேளுங்கள். "கடைசியாகக் குழம்பிப்போன வகுப்பு எது? அது குழம்புகிறது என்று எத்தனையாவது நிமிடத்தில் தெரிந்தது? அந்த நிமிடத்தில் என்ன செய்தீர்கள்?" என்ற கேள்விகளுக்கு வரும் பதில்கள் தங்கம். வெற்றிக் கதைகளைச் சொல்லும்போது எல்லோரும் கொள்கை பேசுவார்கள். தோல்விக் கதையைச் சொல்லும்போதுதான் நேரமும் வரிசையும் செயலும் வெளியே வரும். அடுத்ததாக, வகுப்பைச் சுற்றியுள்ளவற்றைக் காட்டச் சொல்லுங்கள்: வகுப்புக்கு முதல் நாள் அனுப்பிய செய்தி, வராத பிள்ளைக்கு எழுதிய இரண்டு வரி, திருத்திக் கொடுத்த ஐந்து ஒப்படைகள். நிகழ்நிலைக் கற்பித்தலில் பாதி வேலை வகுப்பு நடக்காத நேரத்தில் நடக்கிறது என்று எவ்வளவு சொன்னாலும் நம்புவது கடினம். ஓர் ஆசிரியரின் ஒரு வார வட்ஸ்அப் செய்திகளைப் பார்த்தால் நம்புவீர்கள். பிள்ளை ஒன்று மூன்று நாள் பேசாமல் இருந்தால் நான்காம் நாள் என்ன நடக்கிறது என்பதை அங்கேதான் காணலாம்.

அவதானிக்கப் போகும் வகுப்பில் ஒருமுறையாவது மடிக்கணினியை மூடிவிட்டு, சாதாரண கையடக்கத் தொலைபேசியில், வீட்டு வைஃபை இல்லாமல் டேட்டாவில் சேருங்கள். நான் இதைச் செய்ய இரண்டு வருடம் எடுத்தேன் என்பதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. என் வகுப்பின் பதிவு ஒன்றைத் தொலைபேசியில் பார்த்தபோது, வரவுப் பக்கமும் செலவுப் பக்கமுமாக நான் அழகாக விரித்துப் போட்ட பேரேட்டுக் கணக்கில் ஒரு தொகையைக்கூட வாசிக்க முடியவில்லை. அன்றிலிருந்து ஒரு திரையில் ஒரு பக்கம் மட்டும்தான். உங்கள் சமன்பாடுகளிலும் கீழ்க்குறி எண்கள் அப்படித்தான் காணாமல் போகும்.

அணுகும் முறையைப் பற்றிச் சுருக்கமாக. கொழும்பில் உங்கள் பாடத்தை உங்கள் மொழிமூலத்தில் தனியாகப் படிப்பிக்கிறவர் உங்களுக்குப் போட்டியாளர். அவர் திறந்து பேசாவிட்டால் கோபிக்க நியாயமில்லை. வேறு பாடத்தவரிடம் போங்கள். எவரிடமும் குறிப்புகளையோ செயலட்டைகளையோ கேட்காதீர்கள். பலருக்கு அது சோறு. அரை மணித்தியாலம் போதும் என்று சொல்லி, அரை மணித்தியாலத்தில் எழுந்து வாருங்கள். வகுப்பில் உட்காரும்போது, அங்கே இருப்பது பிள்ளைகள் என்பதால், வெளியாள் ஒருவர் இருக்கிறார் என்பதை ஆசிரியர் அவர்களுக்கும் பெற்றோருக்கும் முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும்; நீங்கள் எதையும் பதிவு செய்யக் கூடாது. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். அடுத்தவர் பிள்ளையின் முகமும் குரலும் நம் தொலைபேசியில் இருக்கக் கூடாது என்பது அதற்கு முந்திய ஒழுங்கு.

அனுபவசாலிகள் சொல்வதில் எதை நம்பலாம், எதை ஒதுக்கலாம் என்பதற்கும் ஓரளவு வழி இருக்கிறது. அடிக்கடி சிறு வினாக்கொத்து வைத்து, படித்ததைப் பிள்ளைகளை மீட்டிச் சொல்லவைப்பது பயன் தரும் என்று ஒருவர் சொன்னால் தயங்காமல் எடுத்துக்கொள்ளுங்கள். ரோடிகர், கார்பிக்கி என்ற உளவியலாளர்கள் 2006இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பந்தியைத் திரும்பத் திரும்ப வாசித்தவர்களைவிட, ஒருமுறை வாசித்துவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் ஒரு வாரம் கழித்து அதிகமாக நினைவுகூர்ந்தார்கள். ஐந்து நிமிடத்துக்குப் பிறகு சோதித்தபோது மட்டும் வாசித்தவர்களே முன்னுக்கு நின்றார்கள். வகுப்பு முடிந்த கையோடு "எல்லாம் விளங்கிற்று" என்று சொல்லும் பிள்ளை அடுத்த கிழமை திணறுவதற்கு இதுவே விளக்கம். நிகழ்நிலையில் இதைச் செய்வது கரும்பலகையைவிட எளிது என்பது இந்த ஊடகத்தின் அரிய அனுகூலங்களில் ஒன்று.

காணொளி ஆறு நிமிடத்துக்கு மேல் போகக் கூடாது என்று பலர் வேதவாக்குப்போலச் சொல்வார்கள். இதற்கு மூலம் 2014இல் வெளியான ஓர் ஆய்வு. எட்எக்ஸ் என்ற நிகழ்நிலைப் பாடநெறித் தளத்தில் 69 இலட்சம் பார்வை அமர்வுகளை ஆராய்ந்து, ஆறு நிமிடத்துக்குக் குறைந்த காணொளிகளையே பார்வையாளர் பெரும்பாலும் முழுதாகப் பார்க்கிறார்கள் என்று அது கண்டது. ஆனால் அது அளந்தது எவ்வளவு நேரம் பார்த்தார்கள் என்பதை. எவ்வளவு படித்தார்கள் என்பதை அல்ல. பார்த்தவர்களும் எந்நேரமும் விட்டுவிட்டுப் போகக்கூடிய திறந்த பாடநெறி மாணவர்கள். பரீட்சையை எதிர்நோக்கியிருக்கும் உயர்தரப் பிள்ளை, வினாத்தாள் கலந்துரையாடலின் இரண்டு மணிநேரப் பதிவை நிறுத்தி நிறுத்தி மூன்று முறை பார்க்கிறது. என் பிள்ளைகளிடம் இதை நான் கண்டிருக்கிறேன். ஆகவே புதிய கருத்தை விளக்குவதற்குக் குறுங்காணொளி நல்லது என்ற அளவில் எடுத்துக்கொண்டு, கடிகாரத்தைப் பார்த்துப் பயப்படாமல் இருங்கள்.

பார்த்துப் படிக்கும் பிள்ளை, கேட்டுப் படிக்கும் பிள்ளை, செய்து படிக்கும் பிள்ளை என்று பிரித்து வகுப்பைத் திட்டமிடச் சொல்பவர்களும் உண்டு. சில பயிற்சிநெறிகளில் இதற்கு ஒரு முழு நாளே ஒதுக்குகிறார்கள். பாஷ்லர் என்ற உளவியலாளரும் வேறு மூவரும் 2008இல் இருந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, அப்படிப் பிரித்துக் கற்பிப்பதால் நன்மை உண்டு என்று காட்டப் போதிய சான்று இல்லை என்ற முடிவுக்கு வந்தார்கள். பிள்ளையைவிடப் பாடம்தான் வடிவத்தைத் தீர்மானிக்கிறது. மூலக்கூற்றின் வடிவத்தை எல்லாப் பிள்ளைக்கும் படமாகத்தான் காட்ட வேண்டும்.

கமராவைத் திறந்து வைக்கக் கட்டாயப்படுத்தலாமா என்பதில் நான் இரண்டு முறை மனம் மாறியவன். ஆகவே என்னை அதிகம் நம்ப வேண்டாம். தொடக்கத்தில் கட்டாயப்படுத்தினேன். பிறகு ஒருநாள், எப்போதும் கமராவை மூடி வைத்த பிள்ளையின் தாயார் தொலைபேசியில் அழைத்து, வீட்டில் ஓர் அறைதான், பின்னால் தகப்பன் இரவு வேலை முடிந்து படுத்திருக்கிறார் என்று தணிந்த குரலில் சொன்னார். அன்றோடு விட்டுவிட்டேன். இப்போது முதல் மூன்று நிமிடம் மட்டும், விரும்பினால் திறவுங்கள் என்று சொல்லி ஒவ்வொருவரின் பெயரையும் கூப்பிடுகிறேன். அதற்குப் பிறகு முகத்தைவிட அவர்கள் எழுதி அனுப்பும் பதிலையே பார்க்கிறேன். இது சரியான வழி என்று அடித்துச் சொல்ல மாட்டேன். என் பிள்ளைகளுக்கு ஒத்துவருகிறது.

பணம் கட்டும் பயிற்சியைப் பற்றிக் கேட்டீர்கள். மென்பொருளின் பொத்தான்களைப் படிக்க ஒருநாள் பயிற்சி போதும். அதையும் மேசையில் கூட உட்கார்ந்து காட்டித்தரும் ஒரு மருமகனோ மகளோ இருந்தால் தேவையில்லை. ஆனால் முழுநீளப் பயிற்சி ஒன்றில் சேர நினைத்தால், விளம்பரத்தில் உள்ள தலைப்புகளைப் பார்க்காமல், "நான் நடத்தும் பாடத்தை யாராவது பார்த்துக் கருத்துச் சொல்வீர்களா, எத்தனை முறை?" என்று ஒரே கேள்வி கேளுங்கள். இல்லை என்றால் அது சான்றிதழுக்கான விலை. சான்றிதழ் உங்கள் பதவி உயர்வுக்கு உதவும் என்றால் அதற்காகச் சேர்வதில் தவறில்லை. கற்பித்தலுக்கென்று எண்ணிச் சேராதீர்கள். அத்தோடு, இரவிரவாக விழித்திருந்து காணொளி தயாரிக்கத் தொடங்குவதற்கு முன், கல்வியமைச்சின் ஈ-தக்சலாவ தளத்தில் உங்கள் அலகுக்கு ஏற்கெனவே என்ன இருக்கிறது என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

அனுபவசாலியின் வகுப்பை நீங்கள் பார்ப்பதைப் போலவே, அவர் உங்கள் வகுப்பைப் பார்ப்பதும் அவசியம். இதைக் கேட்பதற்குத்தான் பலரும் கூசுகிறோம். நாங்கள் மூவர், மூன்று வெவ்வேறு பாடத்தவர், மாதம் ஒருமுறை ஒருவருடைய வகுப்பை மற்ற இருவரும் பார்த்துவிட்டு அன்றிரவே ஸூமில் கதைப்போம். இலவசக் கணக்கு 40 நிமிடத்தில் தானாகவே துண்டித்துவிடும் என்பதால் பேச்சு அலம்புவதில்லை. அந்தக் கட்டுப்பாட்டை வைத்தவர்களுக்கு என் நன்றி. என் முறை முதலாவதாக வந்தபோது, தெஹிவளையில் வரலாறு படிப்பிக்கும் ஆசிரியை தயங்கித் தயங்கி, "சேர், குறை நினைக்காதேங்கோ, ஐம்பது நிமிஷத்தில முப்பத்தி நாலு தரம் 'விளங்குதா' எண்டு கேட்டிருக்கிறீங்கள். ஒருத்தரும் ஒருக்காலும் பதில் சொல்லேல்லை" என்றார். கொப்பியில் கோடு போட்டு எண்ணியிருந்தார். வகுப்பறையில் அந்தச் சொல் ஒரு மூச்சுப்போல. சொல்லிவிட்டு முகங்களைப் பார்ப்போம், தலையாட்டல் வரும். திரையில் அது வெறும் ஓசை. இப்போது அந்தச் சொல் நாக்கின் நுனிக்கு வரும் ஒவ்வொரு தடவையும் அதை விழுங்கிவிட்டு, "பரீட்சை மீதியில் இந்த மிகுதி எந்தப் பக்கம் வரும், எழுதுங்கள்" என்பதுபோல ஒன்றைக் கேட்கிறேன். பதில் வருகிறது; வராதபோது எங்கே நின்றுவிட்டார்கள் என்று தெரிகிறது. என்னோடு இருபது வருடமாக இருந்த அந்தப் பழக்கத்தை வெளியாள் ஒருவர் எண்ணிக் காட்டியிராவிட்டால் நான் அறிந்திருக்கவே மாட்டேன்.

இனி உங்கள் ஆய்வுகூடம். இதற்கு என்னிடம் சொந்த அனுபவம் இல்லை. ஆனால் யாரிடம் எதைக் கேட்க வேண்டும் என்பதை மட்டும் சொல்லலாம். உயிரியலோ பௌதிகவியலோ நிகழ்நிலையில் படிப்பிக்கும் ஒருவரைத் தேடி, செய்முறையை எப்படிக் கற்பிக்கிறீர்கள் என்று கேட்காமல், கடைசியாகச் செய்துகாட்டிய ஒரு பரிசோதனையின்போது கமரா எங்கே இருந்தது, கையில் எது இருந்தது, பிள்ளைகள் எந்த நிமிடத்தில் எதை எழுதினார்கள் என்று கேளுங்கள். நியமிப்பு ஒன்றை, அதாவது அமிலத்தில் காரத்தைத் துளித்துளியாகச் சேர்த்து அளக்கும் பரிசோதனையை, திரையில் காட்டுவதாக வைத்துக்கொண்டால், நிறங்காட்டியான பினோத்தலீனின் மெல்லிய இளஞ்சிவப்பு வரும் அந்த ஒரு துளியில்தான் பாடமே இருக்கிறது. தொலைபேசிக் கமராவோ வெளிச்சத்துக்கு ஏற்ப நிறத்தைத் தானாகவே மாற்றிக்கொள்ளும். குடுவைக்குப் பின்னால் வெள்ளைத் தாள் வைப்பதும், ஒளிர்வையும் வெண்சமநிலையையும் பூட்டிவைப்பதும் உதவக்கூடும் என்று எனக்குத் தோன்றுகிறது. ஆனால் முதல் வகுப்புக்கு முன் அதை வீட்டிலேயே ஒருமுறை செய்து, வவுனியாவில் இருக்கும் அந்தப் பிள்ளைகளில் ஒருவரை அழைத்து, நிறம் மாறியதும் சொல்லு என்று கேட்டுப் பாருங்கள்.